பாங்காக்கில் பார்த்ததும் பாராததும்

சென்ற மாதம் நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் தாம் பாங்காக் சென்று வந்த வரலாற்றைச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் படங்களையும் திரையில் காட்டினார். சுவர்ணபூமி விமான நிலையத்தில், தேவரும் அசுரரும் பாம்பைக் கயிறாகப் பற்றிப் பாற்கடல் கடையும் பெருஞ்சிற்பம் ஒன்று இருக்கிறது. அந்தப் படம் வந்ததும் அவையில் கைதட்டல். இராமகதை ஓவியம் வந்தது, கைதட்டல். நான்முகன் வந்தார், கைதட்டல். சீலோம் சாலை மாரியம்மன் கோயிலின் கோபுரம் வந்தபோதோ, பின்வரிசை அன்பர்கள் சீட்டியே அடித்துவிட்டார்கள். "எங்கே போனாலும் நாம்தான் ஐயா!" என்று கூறி நண்பர் அமர்ந்தார்.

நானும் கைதட்டினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நண்பர் நால்வருடன் அதே நகருக்குப் போய், அதே இடங்களில் நின்று, அதே சொற்களைச் சொன்னவன் நான். ஆகவே நான் எழுதப்போவது நண்பரைக் குறை கூறுவதற்கன்று. குறை என்றால் முதற்குறை என்னுடையதே.

என் கேள்வி இதுதான். ஓர் ஊரைப் பார்க்கப் போனவன், போன இடமெல்லாம் தன் முகத்தையே தேடிக்கொண்டிருந்தால், அவன் பார்த்தது ஊரையா, கண்ணாடியையா?

இந்தக் கேள்வியின் கசப்பு வேறு யாரையும்விட நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வளாகத்தில் எத்தனை பேர் நம்மை 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள்! இட்லி, தோசை, இரண்டு நடிகர் பெயர். அத்தோடு தமிழ்நாடு முடிந்தது. இன்னும் சிலர் உண்டு. நம் பேச்சில் தமக்குத் தெரிந்த வடசொல் ஒன்று காதில் விழுந்தால் போதும், "எல்லாம் இங்கிருந்து போனதுதானே!" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அப்போது நமக்கு வரும் சினம் நியாயமான சினம். அதே நாம் பாங்காக்கில் இறங்குகிறோம். 'மகா', 'நகோன்', 'ராஜ', 'அருண்' என்று தெரிந்த நாலு சொல் காதில் விழுகின்றன. உடனே, "எல்லாம் நம்மிடமிருந்து வந்ததுதானே!" என்கிறோம். சிரிப்பும் அதே சிரிப்புத்தான்.

அந்நகருக்கு அதன் மக்கள் வழங்கும் பெயர் பாங்காக் அன்று, குருங் தேப். தேவர்களின் நகரம் என்று பொருள். முழுப்பெயரை எழுதினால் ஒரு பத்தி நீளும். அதில் இந்திரன் உண்டு, விசுவகர்மா உண்டு, அயோத்தியும் உண்டு. எங்கள் வழிகாட்டி அதை மூச்சு விடாமல் ஒப்பித்துக் காட்டினார். நாங்கள் பூரித்துப் போனோம். எப்படிப்பட்ட நாளில் அந்தப் பெயரைச் சூட்டினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நானூறு ஆண்டுகளுக்கு மேல் சயாமின் தலைநகராக இருந்த அயுத்தியாவை 1767-இல் பர்மியப் படை எரித்து அழித்தது. தாக்சின் என்ற தலைவர் சிதறிய மக்களைத் திரட்டி, ஆற்றின் மேற்கரையில் தொன்புரியைத் தலைநகராக்கினார். அவருக்குப்பின் 1782-இல் அரசேறிய முதலாம் இராமர் சாவ் பிரயா ஆற்றைக் கடந்து கீழ்க்கரைக்கு வந்தார். அரண்மனைக்குத் தேர்ந்த இடத்தில் அதுவரை சீனர் குடியிருந்தனர். அவர்களைச் சம்பெங்குக்குப் பெயர்த்தார்கள். இன்று இரவு உணவுக்கு நாம் தேடிப் போகும் சீனர் தெருக்கள் அப்படி உண்டானவை. செங்கற்கள் அயுத்தியாவின் இடிபாடுகளிலிருந்து வந்தன. நகரைச் சுற்றிக் கால்வாய் வெட்டவும் மதில் எழுப்பவும் கம்போடியரையும் லாவோசியரையும் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தார்கள். பெயரிலுள்ள 'அயோத்தி'யைக் கேட்டு நாங்கள் மகிழ்ந்தோமே, அந்தச் சொல்லைக் கேட்கும் சயாமியரின் நெஞ்சில் எழுவது சரயு நதிக்கரை அன்று. எரிந்துபோன தங்கள் அயுத்தியாதான் என்றே நான் நினைக்கிறேன். இதை நான் அறிந்தது ஊர் திரும்பிய பிறகு, நம் நூலகத்தில். போவதற்கு முன் படிக்க நேரமில்லை. கடைத்தெரு எங்கே என்று விசாரிப்பதற்கு மட்டும் நேரம் இருந்தது.

அரண்மனை வளாகத்துக்குள் மரகத புத்தர் கோயில். பெயர்தான் மரகதம், கல் வேறு பச்சைக் கல். உயரம் 66 சென்டிமீட்டர். அவருக்குக் கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என மூன்று பொன்னாடைகள் உண்டு. பருவம் மாறும்போது அரசரே மாற்றி அணிவிப்பது மரபு. இந்தச் சிலை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் லாவோசின் வியந்தியான் நகரில் இருந்தது. 1779-இல் சயாமியப் படை வென்று எடுத்து வந்தது. அங்கே அதற்காகக் கட்டிய கோயில் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. பாங்காக்கில் கை கூப்பும்போது வியந்தியானின் வெற்றுப் பீடத்தையும் ஒருகணம் நினைக்கலாம்.

கோயிலின் சுற்று மண்டபத்தில் 178 பகுதிகளாக இராமகீயன் கதையைத் தீட்டியிருக்கிறார்கள். முதலாம் இராமர் காலத்தில் நூல் வடிவம் பெற்ற சயாமிய இராமகதை அது. இங்கேதான் எங்களுக்குள் சண்டை வந்தது. அணை கட்டக் கடலில் போடும் கற்களை ஒரு மீன்கன்னி தன் கூட்டத்தோடு அள்ளிச் சென்றுவிடுகிறாள். சுவண்ணமச்சா என்று பெயர், இராவணனின் மகள். விசாரிக்கப்போன அனுமன் அவள்மேல் காதல் கொள்கிறான். அவர்களுக்கு ஒரு மகனும் பிறக்கிறான். இதைக் கேட்ட எங்கள் நண்பர் ஒருவர், நாள்தோறும் அனுமனைத் தொழுபவர், "இவர்களுக்குக் கதையே சரியாகத் தெரியவில்லை" என்று முகம் சுளித்தார். நாங்களும் தலையாட்டினோம்.

இப்போது எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. வால்மீகியில் சீதையைக் கையால் பற்றித் தூக்கிய இராவணன், கம்பனில் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்துச் செல்கிறான். அதைச் சொல்லிச் சொல்லி நாம் பட்டிமன்றம் நடத்துகிறோம். கம்பன் மாற்றினால் கவிச்சுவை, சயாமியன் மாற்றினால் அறியாமையா? அந்த ஓவியங்களில் உடையும் முடியும் மாடமும் மரமும் அவர்கள் நாட்டுடையவை. பத்துத் தலை இராவணன் அங்கே தோசகன் என்ற பெயரோடு, பச்சை மேனியும் ஓங்கிய கதையுமாகக் கோயில் வாயிலில் காவல் நிற்கிறான். பகைவனைப் புத்தருக்கு வாயிற்காவலனாக நிறுத்திய மனம் எத்தகைய மனம்! அதைப் பற்றி இரவு முழுதும் பேசியிருக்கலாம். நாங்களோ 'சரி', 'தவறு' என்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம்.

அடுத்தது வாட் போ. அங்கே கிடந்த கோலத்தில் புத்தர், 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். பாதங்களில் முத்துச்சிப்பி இழைத்த 108 மங்கலக் குறிகள். தலை முதல் கால்வரை ஒரே படத்தில் அடக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. முக்கால் மணி நேரம் அதற்கே போயிற்று. மாணவர்களாகிய நாம் நின்று பார்த்திருக்க வேண்டியதோ வேறு இடம். அதே வளாகத்தின் மண்டபங்களில் கற்பலகைகள் பதித்திருக்கின்றன. மூன்றாம் இராமர் 1830-களில் அக்கோயிலைப் புதுப்பித்தபோது, மருத்துவம், உடலைப் பிடித்துவிடும் கலை, யாப்பு, நீதிநூல், வரலாறு என்று நாட்டின் அறிவையெல்லாம் தொகுத்துக் கல்லில் வெட்டி, எவரும் வந்து படிக்கட்டும் என்று சுவரில் பதிக்கச் செய்தார். பலகைகள் 1,400-க்கும் மேல். உடம்பில் எந்த நரம்பை எங்கே அழுத்துவது என்பதைக் காட்டும் படங்களும் உண்டு. 2011-இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சயாமின் முதற் பல்கலைக்கழகம் என்று அந்தக் கோயிலை அந்நாட்டார் சொல்கிறார்கள். வைத்தியன் தன் மகனுக்கு மட்டும் காதோடு சொல்லி, மகன் இல்லையேல் சுவடியைப் பரணில் போட்டு மூடிவிட்ட கதைகள் நம் ஊரில் எத்தனை! நாங்கள் அந்தப் பலகைகளைக் கடந்து நடந்தோம். ஒருவர் அதன்மேல் சாய்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டார். அவர் யார் என்று சொல்ல மாட்டேன்; இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஆற்றுக்கு அப்பால் வாட் அருண். சீனப் பீங்கான் ஓடுகளும் சிப்பிகளும் பதித்த கோபுரம். மாலையில் அக்கரையிலிருந்து பார்ப்பது நல்லது. எரவான் சந்தி நான்முகனைப் பற்றியும் அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டில் கோயில் அரிதாகிப்போன அந்தக் கடவுளுக்கு, ஓட்டல் கட்டிய இடத்தில் 1956-இல் அமைந்த சிறு கோயில் அது. 2015 ஆகஸ்டு 17-இல் அங்கே குண்டு வெடித்து 20 பேர் மாண்டனர். இரண்டே நாளில் மக்கள் மீண்டும் பூவோடு வந்தார்கள்.

இனி நாம் உண்மையாகவே உரிமை பாராட்டக்கூடிய இடத்துக்கு வருகிறேன். நகர மன்றத்துக்கு எதிரே, செந்நிறத் தூண்களோடு ஒரு மாபெரும் ஊஞ்சல் கால் நிற்கிறது. பலகை இல்லை, கால் மட்டுமே. அருகில் தேவஸ்தானம் என்ற பெயரோடு அரசவைப் பிராமணரின் கோயில். இரண்டும் 1784-இல் தோன்றியவை. மார்கழியை ஒட்டி அங்கே நடக்கும் விழாவுக்குத் திரியம்பாவை, திரிபாவை என்று பெயர். திருவெம்பாவையும் திருப்பாவையுமே அவை. பொருள் மறைந்து, ஒலி மாறி, ஆனாலும் விடாமல் அப்பிராமணர்கள் தமிழ்ப் பாடல்களை ஓதி வருகிறார்கள். தனிநாயக அடிகள் போன்றோர் இதைக் குறித்து எழுதியிருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய செய்திதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமையில் பெரும்பங்கு யாருக்கு? பொருள் தெரியாத பாடலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவனுக்கா, பொருள் தெரிந்தும் மார்கழியில் எட்டு மணிவரை போர்வைக்குள் கிடக்கும் நமக்கா? நம் விடுதியின் நிலையைச் சொல்கிறேன். வேறு விடுதிகளைப் பற்றி நான் அறியேன்.

ஊஞ்சலுக்கும் ஒரு கதை உண்டு. விழா நாளில் இளைஞர் அதில் ஏறி வான்முட்ட ஆடி, உயரக் கம்பத்தில் கட்டிய பணமுடிப்பைப் பல்லால் கவ்வுவார்களாம். விழுந்து இறந்தவர் பலர். 1935-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பழைய கால்கள் உளுத்துப்போகவே, வடக்கே பிரே மாநிலத்திலிருந்து ஆறு தேக்கு மரங்களைக் கொண்டுவந்து 2007-இல் புதிதாக நிறுத்தினார்கள். இனி ஒருவரும் ஆடப்போவதில்லை என்று தெரிந்தும் ஒரு நகரம் தன் ஊஞ்சலைச் செப்பம் செய்து வைத்திருக்கிறது. இதை எந்த நாட்டின் பெருமைக் கணக்கில் எழுதுவது?

சீலோம் மாரியம்மன் கோயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போன தமிழர் எழுப்பியது. ஊரார் அதை 'வாட் கேக்' என்கிறார்கள். தின்னும் கேக்கன்று; விருந்தினர் என்று பொருள்படும் சொல். இந்தியரையும் மலாய்க்காரரையும் அப்படி அழைப்பது அவர்கள் வழக்கம். நவராத்திரியில் அங்கே திரளும் கூட்டத்தில் தமிழர் சிலர், சயாமியரும் சீனருமே பலர். ஆத்தாள் விருந்தாளியாகப் போய் வீட்டுக்காரியாகிவிட்டாள். நாம்தான் இன்னும் கோபுரத்தின்கீழ் நின்று, "நம் கோயில்!" என்று கூவுகிறோம்.

இவ்வளவும் ஒரு பங்கு. என்னை எழுதத் தூண்டியது அடுத்த பங்கு.

பாங்காக்குக்கு மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் காஞ்சனபுரி. தலைநகரைப் பார்க்கப் போகிறவர்களை ஒருநாள் பயணமாக அங்கேயும் அழைத்துப் போவது வழக்கம். எங்களையும் வண்டியில் ஏற்றிப் போனார்கள். குவாய் ஆற்றுப் பாலம்! 1957-இல் வந்த ஆங்கிலப் படத்தின் இசையை வழிகாட்டி சீட்டியடித்துக் காட்டினார். அந்தப் படத்தை எடுத்தது அங்கே அன்று, இலங்கையில். அந்த ஆற்றுக்கு அப்போது அப்பெயரும் இல்லை. படத்தின் புகழுக்குப் பிறகு பெயரை மாற்றினார்கள். பாலத்தில் நடந்தோம், படம் எடுத்தோம், இளநீர் குடித்தோம். பிறகு போர்க்கல்லறைத் தோட்டம். வெட்டிவிட்ட பசும்புல்லில் வரிசை வரிசையாக ஏறத்தாழ 7,000 பேரின் கல்லறைகள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது. இருபத்திரண்டு, இருபத்து நான்கு, இருபத்தொன்று என்று நம் வயதுகள். மனம் கனத்தது. அமைதியாக வண்டி ஏறினோம். அவ்வளவுதான்.

அன்று காலையிலிருந்து 'நம்முடையது, நம்முடையது' என்ற சொல் எங்கள் வாயில் ஒருமுறையும் வரவில்லை. வந்திருக்க வேண்டிய இடமே அதுதான்.

1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட்டார்கள். மலையும் காடும் மழையும் நிறைந்த வழி. வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல்; அவர்களில் இறந்தோர் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் அளவில். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பர்மியர், சாவகர், சீனர், மலாய்க்காரர்; இவர்களோடு மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர். போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய்த் தோட்டங்களில் பசி. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சோறும் இருப்பிடமும் இலவசம் என்று ஆசை காட்டினார்கள். நம்பிப் போனவர் திரும்பவில்லை. பிறகு பிடித்தே ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவை அடைத்து, அப்படியே ரயிலில் அனுப்பிய கதையும் உண்டு. கைதிகளுக்குத் தம் படையின் மருத்துவராவது இருந்தார். தோட்டத் தொழிலாளிக்கு யார் இருந்தார்? 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது குடிசை குடிசையாக மடிந்தார்கள். அவர்கள் பெயரை எழுதிவைக்க ஒரு படை அலுவலகம் இல்லை. ஆகவே பசும்புல் தோட்டத்தில் ஒரு கல் இல்லை.

அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். நம் சங்க உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள், அதே மாவட்டங்கள்.

இதையெல்லாம் நான் பாலத்தின்மேல் நின்றபோது அறியேன். ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து, மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலைப் படித்தேன். அப்போதுதான், கல்லறை வாசலில் வாங்கிய இளநீரின் சுவை நாக்கில் கசந்தது. 2023-இல் காஞ்சனபுரியின் தாவோன் விகாரையில் இந்தத் தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். அரசனுக்கும் கடவுளுக்கும் முன்பே, மாண்டவனுக்குக் கல் நட்ட மரபு நம்முடையது என்று மேடைகளில் பேசுகிறோமே! அந்தக் கல் நாங்கள் இளநீர் குடித்த இடத்திலிருந்து நெடுந்தொலைவு இல்லை. வழிகாட்டி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாற்கடல் சிற்பத்தின்முன் நின்று எடுத்த படம் மட்டும் பதினேழு இருக்கிறது.

கோடை விடுமுறைக்குச் சங்கத்தின் சார்பில் பாங்காக் பயணம் ஒன்று ஏற்பாடு செய்வதாகவும், பார்க்க வேண்டிய இடங்களை எழுதித் தர வேண்டும் என்றும் செயலாளர் கேட்டிருக்கிறார். எழுதிக் கொடுத்துவிட்டேன். அரண்மனைக்கு அரை நாள். வாட் போவுக்கு ஒரு முழுக் காலை. கிடந்த புத்தருக்குப் பத்து நிமிடம், பலகைகளுக்கு மீதி நேரம். மாலையில் ஊஞ்சலும் தேவஸ்தானமும். மூன்றாம் நாள் வண்டி வேண்டாம். தொன்புரி நிலையத்திலிருந்து காலையில் மூன்றாம் வகுப்பு ரயில் இருக்கிறது, அவர்கள் போட்ட பாதையிலேயே போகிறது. விமான நிலையச் சிற்பத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது வழியிலேயே இருக்கிறது, எப்படியும் பார்ப்பார்கள்.

முதல் நாள் இரவே ஆற்றங்கரைப் பூச்சந்தைக்குப் போய் மல்லிகைச் சரம் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும், நடுகல்லுக்கு. விடிய விடியத் திறந்திருக்கும் சந்தை. அந்தச் சரத்துக்கு அங்கும் 'மாலை' என்றே பெயர். அதற்காகக் கைதட்ட வேண்டாம்.